சொல்ல அனுமதி இல்லாத பதில்

தணிகாசலம் சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது, பாடி மேம்பாலத்துக்குக் கீழே நகராத பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். முன்னே லாரி, பின்னே லாரி. இறங்கவும் வழியில்லாமல் கம்பியைப் பிடித்தபடியே அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரையான்சாவடியில் பிறந்து, தில்லியில் வெளிநாட்டு விவகாரங்களைப் பார்க்கும் அரசு அதிகாரியாக உயர்ந்தவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். அளந்துதான் பேசுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், போர்க்கால வெளியுறவுக் கொள்கை பற்றி எங்கள் பல்கலைக்கழகத்தில் பேச வந்தார். நான் அப்போது முதுகலை மாணவி. என் அண்ணன் சேகர் வேலை பார்த்த நாட்டின் எல்லையில் படைகள் குவிந்திருந்தன. திரும்பினால் வேலை போய்விடும். இருந்தால் உயிரே போகலாம். நூம்பலில் எங்கள் வீட்டில் தினமும் இதே பேச்சுதான்.

மேலிடம் ஒப்புதல் தந்த இரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு சார் ஒரு மணி நேரம் பேசினார். நடுநிலை, பேச்சுவார்த்தை, தேசநலன். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. கேள்வி நேரத்தில் எழுந்தேன். நல்ல தமிழில் கேட்கத்தான் நினைத்திருந்தேன்; பதற்றத்தில் எங்கள் தெருப் பேச்சே வந்துவிட்டது.

“சார், எங்க அண்ணன் அங்கதான் கீது. வரச் சொல்றதா, வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க சார்.”

அரங்கிலிருந்த கைபேசிகளெல்லாம் அவரைப் படம்பிடிக்க உயர்ந்தன. சார் முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார். “நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம்” என்று வாசித்தார். நான் உட்காரவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்மா. சொல்ல எனக்கு அனுமதி இல்லை.”

அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமில்லை, அங்கேயே இருக்கலாம் என்று சொல்ல யாருக்காவது அனுமதி வேண்டுமா என்ன? வெளியே ஓடி அண்ணனை அழைத்தேன்.

“இன்னாடி ஆச்சு?”

“ஒண்ணும் கேக்காத. கெளம்பி வந்துடு.”

மறுநாளே கிளம்பினார். அடுத்த வாரம் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்த அவருடைய அறைத் தோழர்கள் மூவரும் மாதக்கணக்கில் நிலவறையில் சிக்கிக் கிடந்தார்கள். ஒருவர் திரும்பவே இல்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்காகச் சாரிடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு அவரை எங்கும் பேச அனுப்பவில்லை. ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவரிடம் நன்றி சொல்லப் போனேன். முகம் சுருங்கிவிட்டது.

“நான் இன்னாம்மா சொன்னேன்? நீயா புரிஞ்சிக்கினே. அங்க அத்தினி பேரு இருந்தாங்களே, அவங்க ஊட்லேர்ந்து யாரு அந்த ஹாலுக்கு வந்தாங்க?”

அதன்பின் அடிக்கடி போவேன், காபி கொடுப்பார். அண்ணனை அழைத்து வரவா என்று கேட்டால் மட்டும், “வேணாம்மா, அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா வராதவங்க நெனப்புதான் வரும்” என்று தடுத்துவிடுவார். அவர் அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்றுதான் அண்ணன் அவரை முதன்முதலாகப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் சார் படுத்திருந்தார். பையில் அந்த இரண்டு பேனாக்களையும் யாரோ வைத்திருந்தார்கள். போய் வாருங்கள் சார், இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக் கைகூப்பினேன்.

அண்ணன் மாலையைப் பெட்டிமேல் வைத்தார். கண்ணாடியருகே குனிந்து, உள்ளே கேட்கவேண்டும் என்பதுபோல் சத்தமாகச் சொன்னார்:

“வந்துட்டேன் சார்.”