பூவரசுக்கு ஏற்றிய நீலம்

ஒரு சாண் நீளமுள்ள பூவரசுத் துண்டு அது. ஒரு பக்கம் ரம்பம் போன கீறல்கள், மறுபக்கம் உப்புத்தாள் தேய்த்த வழவழப்பு. அதை என் கையில் கொடுத்துவிட்டு என் கொழுந்தனார் கேட்டார்: "அண்ணி, பட்டுக்குப் புடிக்கிற சாயம் மரத்துக்குப் புடிக்குமா?" கல்யாணமாகி அந்த வீட்டுக்கு நான் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் சாயத்தைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா, உலையில் அரிசி போட்டாயா, அவ்வளவுதான் என்னிடம் வந்த கேள்விகள். அதனால், விடை தெரியாத கேள்வியாக இருந்தும் எனக்கு அது இனித்தது. துண்டை முகர்ந்து பார்த்தேன். நாக்கால் தொட்டும் பார்த்தேன். அவர் சிரித்தார்.

நான் காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர் மகள். பட்டு நூல் கட்டைக் கோலில் மாட்டித் தொட்டியில் திருப்பித் திருப்பி வளர்ந்த கை இது. புகுந்த வீடு மானாம்பதிக்குப் பக்கத்தில், நெல்லும் மாடுமாக இருக்கும் குடும்பம்; என் கணவருக்குப் பொழுது விடிந்தால் வயல்தான். பெண் பார்க்க வந்த அன்றே அத்தை, அதாவது என் மாமியார், கறாராகச் சொல்லிவிட்டார். "எங்க வூட்ல நெல்லுதான் அவிப்போம். சாயம் அவிக்கிற அடுப்பு எரியக் கூடாது." தண்ணீர் கெடும், மாடு குடித்துத் தொலைக்கும் என்று அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அப்பா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். ஆனால் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஆறு டப்பா சாயத்தூளை வைத்து எடுத்துக்கொண்டுதான் வந்தேன். என்றைக்காவது இந்த வீட்டில் ஓர் அடுப்பு கேட்டு வாங்கிவிட வேண்டும் என்பது என் நினைப்பு. மறைப்பானேன், அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆசை அதுதான்.

கொழுந்தனாருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் மாட்டுக் கொட்டகை மூலையில் உட்கார்ந்து ஒரு வருடமாக ஒரு பேஸ் கிதார் செய்துகொண்டிருந்தார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. கழுத்தை மட்டும் சென்னையில் ஒரு உடைந்த கிதாரிலிருந்து வாங்கி வந்திருந்தார். உடம்பு வயல் வரப்பில் புயலுக்குச் சாய்ந்த பூவரசு. அதில் தேறியது இரண்டே பலகை. இரண்டையும் வெள்ளைப் பசை போட்டு ஒட்டி, வளைவு வளைவாக அறுத்துத் தேய்த்து வைத்திருந்தார். கிதார் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டேன். "இல்ல அண்ணி. பாட்டு மேல போவும், இது கீழ நடந்துக்கினு வரும். நிறுத்துனாதான் இம்மாம் நேரம் இருந்துச்சின்னே தெரியும்" என்றார். அந்த வீட்டில் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான் என்று தோன்றியது.

சாலவாக்கத்தில் ஓர் இசைக்குழு இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குழுவில் பேஸ் வாசித்தவர் வெளிநாடு போகிறார், ஆடி முதல் வெள்ளிக்குள் சொந்த வாத்தியத்தோடு வந்தால் அந்த இடம் உனக்கு என்று கொழுந்தனாரிடம் சொல்லியிருந்தார். ஆடி பிறந்தால் அம்மன் கோவில் கச்சேரிகள் வரிசை கட்டி நிற்கும். அப்போது ஆனி பாதி முடிந்திருந்தது. சாயமும் எண்ணெயும்தான் பாக்கி. என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். "மயில் கழுத்து" என்றார்.

சிரித்துவிட்டேன். மயில் கழுத்து ஒரு சாயமில்லை. நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம், இரண்டும் சேர்ந்து நெய்யப்பட்டு, சேலை அசையும்போது கண்ணை ஏமாற்றுகிற வித்தை அது. ஒரே கட்டையான மரத்தில் அதற்கு எங்கே போவது? ஆனால் கேள்வி என்னை விடவில்லை. கொழுந்தனார் அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடி, கிதாருக்கு மட்டும், கொல்லைக் கடைசியில், பழைய சட்டி ஒன்றில் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாண் துண்டில் தூள்களைக் கலந்து கலந்து, பொட்டுப் பொட்டாக ஒன்பது சாயம் வைத்துப் பார்த்தேன்.

பட்டு சாயத்தை உறிஞ்சினால் தொட்டித் தண்ணீர் தெளிந்துவிடும். தண்ணீர் தெளிந்தது என்றால் நூலுக்கு வயிறு நிறைந்தது என்று அர்த்தம். மரம் அப்படிச் சொல்வதில்லை. எவ்வளவு குடித்தது, எப்போது போதும் என்பதே தெரியவில்லை. ஈரம் பட்டதும் வழவழப்பாக இருந்த முகம் முள்தாடி மாதிரி சிலிர்த்து நின்றது. தேய்த்தால் அடங்கியது, மறுபடி நனைத்தால் மறுபடி எழுந்தது, ஆனால் முன்னைவிடக் கம்மியாக. ஆறாவது பொட்டில்தான் விஷயம் புரிந்தது. கறுப்பைப் பூசிக் காய்ந்த பிறகு நன்றாகத் தேய்த்தால் மேல்பரப்பில் கறுப்பு போய்விடுகிறது, ரேகைகளுக்குள் மட்டும் தங்கிவிடுகிறது. அதன்மேல் பச்சை கலந்த நீலத்தை விட்டேன். துண்டைச் சாய்த்ததும் நிறம் புரண்டது. மரத்துக்குள்ளும் பாவும் ஊடையும் இருந்திருக்கின்றன! கொட்டகைக்கு ஓடிப்போய்க் காட்டினேன். இரண்டு பேரும் அதை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

கிதார் உடம்புக்கும் அப்படியே ஏற்றினோம். மறுநாள் அவருக்குப் பகல் ஷிப்ட். காய்ந்ததா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கை நீலமாக வந்தது.  காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், அவர் போட்ட சாயம் போகிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சாயம் போட்டால் அலச வேண்டும், மிச்சச் சாயம் போய்த் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததுகூட இல்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்த பழக்கம். யோசிக்கவே இல்லை. கிதார் உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் முக்கி, மூன்று தண்ணீர் மாற்றி அலசி, பட்டுக் கட்டை உலர்த்துவது போல நிழலில் சாய்த்து வைத்தேன். மூன்றாம் தண்ணீர் தெளிவாக வந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

மதியத்துக்கு மேல் பசை இளகி, இரண்டு பலகையும் சேர்ந்த இடத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்துகொண்டது. கழுத்து உட்கார வேண்டிய குழி உப்பிக்கொண்டது. சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். கழுத்தை எடுத்து வைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. பிளவில் நகத்தை ஓட்டினார். என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அத்தை வந்துவிட்டார். "இன்னாடா இது, யாரு நனச்சது?"

"நாந்தாம்மா. ஈரத்துணி சுத்தி வெச்சிட்டுப் போயிட்டேன்" என்றார் கொழுந்தனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சட்டி அன்றைக்கே உடைந்திருக்கும், இனிமேல் எந்தக் காலத்திலும் அந்த வீட்டில் சாய அடுப்பு கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தன் இடம் போகிற நேரத்திலும் அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு என் அடுப்பைக் காப்பாற்றினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழை என்பதற்கு வேறு அர்த்தம் எனக்கு இன்றுவரை தேவைப்பட்டதில்லை.

மரம் காய்வதற்குள் ஆடி முதல் வெள்ளி வந்தது, போனது.  கொழுந்தனார் கம்பியில்லாத அந்தக் கழுத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, விரலை அழுத்தி அழுத்தி, வாயால் 'தும் தும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறிச் சாலவாக்கம் போனேன். வழி கேட்டுக் கேட்டு மாஸ்டர் வீட்டைப் பிடித்தேன். அவர் கீபோர்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, கொழுந்தனார் வேண்டுமென்றே வராமல் போகவில்லை, நான்தான் வாத்தியத்தை அலசிவிட்டேன் என்று மடமடவென்று சொல்லி முடித்தேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நானும் எவ்ளோ பேர பாத்துட்டேன். வாத்தியத்த குளிப்பாட்டுன மொத ஆளு நீதாம்மா." பிறகு கொஞ்சம் யோசித்தார். இப்போதைக்கு ஒருவர் வந்து வாசிக்கிறார், தாளத்தில் நிற்க மாட்டேன் என்கிறார். ஆடி கடைசி ஞாயிறு ஒரு கூழ் வார்த்தல், பகல் கச்சேரி. அன்றைக்கு வாத்தியத்தோடு வரட்டும், பார்க்கலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வீட்டில் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாஸ்டரே வண்டியில் வந்து இறங்கினார், வாத்தியம் தேறுமா என்று பார்க்க. மோரைக் குடித்துவிட்டு அத்தையிடம், "ஒங்க மருமவ தைரியசாலிம்மா. தனியா பஸ் ஏறி வந்து, நாந்தான் கழுவிட்டேன்னு ஒத்துக்கிச்சி" என்றார். அத்தை அவரை வாசல் வரை போய் அனுப்பி வைத்தார். போன பிறகு எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். "பொய் சொன்னது நீ. வாய மூடிக்கினு இருந்தது இவ. ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு தபா போடு. கச்சேரியில சாயம் போவலன்னா அடுப்பு இருக்கட்டும். போச்சுன்னா அன்னிக்கே நீயே ஒடச்சிப் போடணும். இன்னா?" சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பத்து நாள் நிழலில் காயவைத்தோம். கொழுந்தனார் பழைய பசையைச் சுரண்டி, தண்ணீருக்கு அசையாத பசையை இந்த முறை வாங்கி வந்து ஒட்டி, சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி உடம்பு முழுக்க இறுக்கிச் சுற்றினார். கறுப்பு, தேய்ப்பு, நீலம். கை நீலமாக வந்தது. அலச வேண்டும் என்று கை பரபரத்தது, சேலை முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "எண்ண போட்டா உள்ளயே பூட்டிக்கும் அண்ணி" என்றார். உத்திரமேரூர் கடையிலிருந்து ஆளிவிதை எண்ணெய் வந்தது. வீட்டில் நல்லெண்ணெய் இருக்கும்போது இது எதற்கு என்று அத்தை கேட்டார். நல்லெண்ணெய் என்றைக்கும் காயாதாம், ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகித் தோலாகிவிடுமாம். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றும் என்றும் கொழுந்தனார் சொன்னார். அத்தை நம்பவில்லை. நானும் நம்பாமல், ஒரு துணியைக் கசக்கித் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. அலறிக்கொண்டு வாளியில் போட்டேன்.

பழைய பனியன் துணியில் எண்ணெயைத் தொட்டு அவர் முதல் இழுப்பு இழுத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மங்கிக் கிடந்த நீலம் சட்டென்று திறந்தது. தொட்டியிலிருந்து ஈரமாக எடுக்கும்போது மட்டும் பட்டுக்கு ஒரு நிறம் இருக்கும். காய்ந்தால் அது போய்விடும், உடுத்துகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை, சாயக்காரர்கள் மட்டும் பார்ப்பது. அந்த ஈரநிறம் மரத்தில் அப்படியே நின்றுவிட்டது. தினம் ஒரு பூச்சாக ஐந்து பூச்சு. எண்ணெய் முழுக்க இறுக ஒரு மாதமாவது வேண்டும் என்றார். எங்களிடம் இருந்தது நான்கு நாள். அதற்குள் அவர் கழுத்தை இறக்கிக் கம்பியும் கட்டினார்.

கடைசி ஞாயிறு, உச்சி வெயில் இறங்காத நேரம். தகரப் பந்தல் கொதித்தது. குழுவில் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. சாயம் இறங்கினால் பந்தல் முழுக்கத் தெரியும். பெண்கள் பக்கம் அத்தையோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாத்தியம் அழுந்துகிற இடத்தில் கொழுந்தனாரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தார். நடுவில் ஒரு பாட்டில் அவர் வாசிப்பை நிறுத்தி மறுபடி தொடங்கியபோதுதான், அவ்வளவு நேரம் தரைக்கடியில் ஒன்று நடந்துகொண்டிருந்தது உறைத்தது.

முடிந்து அவர் கீழே இறங்கினார். மாஸ்டர் அவர் தோளைத் தட்டி, அடுத்த கச்சேரி எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுவதற்குள் அத்தை எழுந்து போய்விட்டார். "கைய தூக்குடா" என்று மகனைத் திருப்பி நிறுத்தி, சட்டையின் முன்பக்கத்தை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தார். எச்சில் தொட்ட கட்டைவிரலால் கிதாரின் விளிம்பை அழுத்தித் தேய்த்து, விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.  பக்கத்தில் இருந்த ஒரு பெண், "இன்னாக்கா அப்டி பாக்கற?" என்று கேட்டாள்.

"எங்க மருமவ ஏத்துன சாயம்" என்றார் அத்தை, பந்தலில் பாதிப் பேர் திரும்பும்படி. "ஒரு சொட்டு எறங்கல பாரு."

அவ்வளவு கூட்டத்தில் நான் அழுதேன். கொழுந்தனார் கிதாரோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இன்றும் அந்தக் குழுவில்தான் வாசிக்கிறார். எனக்காக ஒரு பொய் சொன்னதைப் பற்றி நான் பேச்செடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். இப்போது கொல்லையில் எனக்கு மூன்று அடுப்பு, கழிவுத் தண்ணீருக்குத் தனித் தொட்டி. நூல் கொடுக்க வருகிறவர்கள் சாயம் நிற்குமா என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பதில் சொல்லிவிடுகிறார்.