கணவர் அடிக்கச் சொன்ன வரி

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை கடலில் நீந்துவதற்கான விண்ணப்பத்தை இன்று வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடையில் வைத்து நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் கணவர் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டு மாதமாகத் தினமும் விடியலில் என்னைக் கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயக் கிணற்றுக்கு பைக்கில் அழைத்துப் போகிறவர் என் கணவர் ரபீக். அவருக்கு நீச்சல் தெரியாது. நான் சுற்றிச் சுற்றி நீந்தி முடிக்கும்வரை கையில் கயிறுடன் மேலே நிற்பார்.

பேனாவை எடுத்தவர் அந்த வரியைப் படித்தார். 'உயிரிழப்பு நேர்ந்தால் யாரும் பொறுப்பல்ல.'

"இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிட்டுப் போடலாங்களா?" என்று கடைக்காரம்மாவிடம் கேட்டார்.

"அடிச்சா வாங்க மாட்டாங்க சார்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"ஏங்க, போடலையா?" என்றேன்.

"கெணத்துல ஏதாவதுன்னா கயிறு போட்டு இழுத்துடுவேன். கடல்ல நான் என்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

அந்த வரியை நானும் இன்றுதான் நிறுத்திப் படித்தேன்.

நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். தாள் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கேட்க மனம் வரவில்லை.

இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட கணவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அன்றைக்குச் சோறு இறங்கியதா? இவர் போடாமலே இன்று சாப்பிடவில்லை.