ஞாயிற்றுக்கிழமை மழை

பதினோரு பக்கம். இங்கிலீஷில் அந்தத் திட்டத்தைச் சுத்தப் பிரதியாக எழுதிக் கொடுத்தது நான்தான். அந்தக் கையெழுத்தின் மேல் அன்று எனக்கு எம்புட்டுப் பெருமை! கொழும்புக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஊரிலிருந்து தடித்த கவர் ஏதாவது வந்தால், உள்ளே அந்தப் பக்கங்கள்தான் திரும்பி வந்திருக்குமோ என்று பிரிக்காமல் ஒரு நாள் போட்டு வைக்கிறேன்.

சத்தியசீலன் என் தங்கை பாக்கியத்தின் புருஷன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேச மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். ஒன்று எழுத, இன்னொன்று யாராவது கேட்டால் கொடுக்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். துருவத்துப் பனிக்காட்டில் நிலையங்கள் போட்டு, ஒரு வருஷம் முழுக்கக் காற்றையும் குளிரையும் அளப்பது. அதே வருஷம் உலகத்தின் மற்ற இடங்களிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது. அதன் வால் நுனி ஒன்று பேரையூருக்குத் தெற்கே ஒரு கரட்டு மேட்டில் வந்து விழுந்தது. மரக்கூண்டுக்குள் நான்கு வெப்பமானி, ஒரு பாரமானி, காற்றாடி, மண்ணில் பதித்த செம்பு மழைமானி, சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான் நிலையம். பள்ளியில் ஒரு வருஷ லீவு வாங்கிக்கொண்டு சத்தியசீலன் அங்கே போனார். காவலுக்கும் உதவிக்கும் மேட்டுக்குக் கீழே இருந்த ஊரிலிருந்து விருமாண்டி என்பவனை வைத்துக்கொண்டார்.

தினமும் காலை எட்டு மணிக்கு மேடேறி அளந்து எழுதுவார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பஸ் பிடித்து மதுரைக்கு வருவார். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய், பாக்கியத்தோடு சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை விருமாண்டி எழுதி வைப்பான். அவனுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

எங்கேயோ பனியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களைச் சத்தியசீலன் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிப் பேசுவார். "மச்சான், நமக்கு இன்னைக்கு நூத்தி நாலு டிகிரி. அவுங்களுக்கு மைக்கூட்டுல மை உறைஞ்சிருக்கும், பாவம்." பாக்கியம் சிரிப்பாள். "அவுகளுக்குப் பாவம் பாத்தது போதும். இங்க ஒருத்தி தனியாக் கிடக்காளே, அவளுக்குப் பாருங்க."

முப்பத்து மூன்று சித்திரையில் வானிலை இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆவணியோடு வருஷம் முடிகிறது. தூரத்து நிலையங்களில் எதை மூடுவது, எதை நிலைக்க வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். தக்கவர்கள் திட்டம் எழுதி அனுப்பலாம். அதிகாரி வந்து பார்வையிடுவார்.

சத்தியசீலன் திட்டம் எழுதினார். பத்து வருஷத்துக்கு. இன்னொரு ஆள், ஒரு கிணறு, தந்திக் கம்பி, துருவ நிலையங்களோடு மாதம் ஒருமுறை கணக்குப் பரிமாற்றம். "பத்து வருஷக் கணக்கு அறுபடாம இருந்தா, பஞ்சம் வாரதை முன்கூட்டியே சொல்லிரலாம் மச்சான்," என்றார். வேறு எதைப் பற்றியும் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்தத் திட்டத்தின் உயிர் ஏழாம் பக்கத்தில் இருந்தது. அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் எங்கும் சொட்டு மழை இல்லை. ஆனால் நிலையத்தின் புத்தகத்தில் ஏழு தடவை மழை பதிவாகியிருந்தது. ஏழும் ஏறக்குறைய ஒரே அளவு, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழும் ஞாயிற்றுக்கிழமை. கோடை மழை மாட்டின் ஒரு கொம்பு நனைய மறு கொம்பு காயப் பெய்யும் என்பதால் சத்தியசீலன் சந்தேகப்படவில்லை. இந்த மேட்டுக்கென்று தனியாக ஒரு காற்றோட்டம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கவே நிலையம் நீடிக்க வேண்டும் என்று எழுதினார். எனக்கு உறுத்தியது. கேட்கவும் வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பத்தி இங்கிலீஷில் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. கேட்காமல் பிரதி எடுத்தேன்.

திட்டத்தைத் தபாலில் சேர்த்த கையோடு அவர் பள்ளி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனி மாதம், அதிகாரி திங்கட்கிழமை வருவதாகத் தகவல். கூண்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று அந்த ஞாயிறு சத்தியசீலன் மதுரைக்கு வரவில்லை. உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். விடிந்து கொஞ்ச நேரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக மேடேறி வந்தார்கள். முன்னால் வந்த ஊர்க் கிழவி ஒச்சாயியின் இடுப்பில் வேப்பிலை சொருகிய சின்னச் செம்பு. எங்களைப் பார்த்ததும் குலவை நின்றது.

"என்னா வாத்தியாரே, இன்னைக்கு வேதக் கோயிலுக்குப் போகலையா?"

"செம்புல என்ன ஆத்தா?"

"தண்ணிதான். வேறென்ன, கள்ளா?" பின்னால் சிரிப்பு கிளம்பியது.

மழை பொய்த்தால் அந்தப் பக்கத்தில் வீடு வீடாகக் கஞ்சி எடுத்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து அழுது குடிப்பார்கள். வானம் இரங்கும் என்று நம்பிக்கை. இந்த வருஷம் கஞ்சிக்குப் பதில் தண்ணீர் எடுத்திருந்தார்கள். இருபத்தேழு வீடு, வீட்டுக்கு அரைச் சங்கு. குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு.

"இதுல விழுறதத்தான் சர்க்காருக்கு எழுதுவேன்னு நீதானப்பா சொன்ன," என்றாள் ஒச்சாயி, மண்ணில் பதித்த மழைமானியைக் காட்டி. "வாரா வாரம் வெறும் பாத்திரத்தையே காட்டுனா மேல இருக்குறவன் என்ன நெனைப்பான்? இந்த ஊருக்கு மழை வேண்டாம் போலன்னு விட்டுருவான். கொஞ்சமாச்சும் எழுத்துல ஏறட்டும்னுதான் ஊத்துறோம்."

"எத்தனை வாரமா?"

"மாசிக் கடைசியிலருந்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். நீ இருந்தா வள்ளுன்னு விழுவ. அதான் ஞாயித்துக்கிழமை."

சத்தியசீலன் விருமாண்டியைப் பார்த்தார். "நீயாவது சொல்லக் கூடாதா?"

"அளந்து எழுதச் சொன்னீக, அளந்து எழுதுனேன்," என்றான் அவன், பயத்தோடு. "எங்கிருந்து வந்துச்சுன்னு எழுத அந்தப் புத்தகத்துல கட்டம் இல்லையே சார்."

அவர் கோபப்படவில்லை. செம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, தண்ணீரோடு ஒச்சாயியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "கொண்டு போய்க் குடிங்க ஆத்தா. வீட்டுல தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியும்."

அவர்கள் போன பிறகு நான் சொன்னேன். "மாப்ள, நாளைக்கு ஒண்ணும் பேசாதீக. அவருக்கு எப்படித் தெரியும்?" நான் அதைச் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை.

"பத்து வருஷக் கணக்கோட முதல் வருஷம் மச்சான் இது," என்றார். சிவப்பு மையை எடுத்து, புத்தகத்தில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளையும் அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி சென்னைக்காரர், கெட்டவர் அல்ல. ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு ஆசையோடுதான் வந்திருந்தார். சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏழுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்? மற்ற நாளில் யாரும் கை வைக்கவில்லையா?"

"மத்த நாள் நான் இருந்தேன், சார்."

"இந்த ஏழையும் முந்தாநாள் வரை மழை என்றுதானே நம்பினீர்கள்?"

சத்தியசீலன் திறந்திருந்த புத்தகத்தை மூடி அதிகாரி பக்கம் நகர்த்தினார்.

"நீங்கள் நேர்மையான மனிதர்," என்றார் அதிகாரி எழுந்துகொண்டே. "ஆனால் நேர்மையை அச்சிட முடியாது. கணக்கைத்தான் அச்சிட வேண்டும்."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நிலையம் மூடப்படும். அந்த ஏழு நாள் மட்டுமல்ல, ஒரு வருஷக் கணக்கும் தொகுப்பில் சேர்க்கப்படாது. பாரமானி, வெப்பமானி, காற்று எல்லாமே. முந்நூற்றுக்கு மேற்பட்ட காலைகள். சத்தியசீலன் அந்த உத்தரவை என்னிடம் நீட்டியபோது தாள் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணிக் கடைசியில் வண்டி வந்து கருவிகளை ஏற்றிப் போனது. பள்ளியில் அவர் இடத்தில் வேறு ஆள் வந்திருந்தார். சத்தியசீலன் செல்லூரில் ஒரு தறிக் கொட்டடியில் கூலிக் கணக்குச் சிட்டை எழுதப் போனார். பாக்கியம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசம் என்று எனக்குத் தோன்றியது. நானும் அடுத்த வருஷமே கப்பலேறிவிட்டேன். நாற்பத்து மூன்றில், நாற்பத்தாறு வயதில், காய்ச்சல் கண்டு நான்கே நாளில் அவர் போய்விட்டார். உலகச் சண்டை நாள், கடிதம் எனக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று.

கடைசியாக அவரோடு அந்த மேட்டுப் பக்கம் போனது முப்பத்து மூன்று ஐப்பசியில், அவருடைய டிரங்குப் பெட்டியை எடுக்க. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்து, ஊர் எல்லையைத் தொடுவதற்குள் பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழை. கரட்டிலிருந்து செம்மண் தண்ணீர் உருண்டு வந்தது. பெண்கள் வாசலில் நின்று நனைந்தார்கள். ஒச்சாயி எங்களைப் பார்த்துக் கை கொட்டினாள்.

"பாத்தியா வாத்தியாரே! நீ எழுதி அடிச்ச, பெய்யல. நீ போன, பெய்யுது!"

அவர் மேட்டைப் பார்த்து நடந்தார். வேலி இல்லை, கூண்டு இல்லை. மழைமானி இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் கிடந்தது. அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் பென்சிலைத் தடவினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எம்புட்டு இருக்கும் மச்சான்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.