கர்ஜத்தில் கன்றுக்குட்டியின் பங்கு

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் கேட்வே, தொங்கும் தோட்டம், மகாலட்சுமி கோவில் என்று காட்டி அனுப்பிவிடுவதுதான் பம்பாயில் எல்லார் வீட்டு வழக்கமும். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த என் மாமனாரும் மாமியாரும் அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "இந்த தேசத்துல வயலே கிடையாதா?" என்று கேட்டார்கள். குண்டக்கல்லைத் தாண்டினாலே அவர்களுக்கு வெளிநாடுதான். சரி, புரட்டாசியில் மழை விட்ட ஒரு ஞாயிறன்று கர்ஜத் கிளம்பினோம்.

பத்து மாதக் குழந்தையுடன் நான் மாடுங்காவைத் தாண்டியதே இல்லை. அவனுக்கு அங்கே ஏதாவது ஒன்று என்றால் டாக்டருக்கு எங்கே போவது என்று ராத்திரியெல்லாம் யோசனை. என் கணவரோ, "கர்ஜத் என்ன காடா? ஸ்டேஷன் இருக்கிற ஊர்டி" என்று சிரித்தார்.

காலை ஏழு மணிக்கு தாதரில் லோக்கல் ஏறினால் இரண்டு மணி நேரம். கல்யாண் வரை நசுங்கினோம். பிறகு ஜன்னல் கிடைத்தது. அப்பப்பா! இரண்டு பக்கமும் பச்சை, மலையெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அருவி. மாமனார் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றார். ஸ்டேஷனிலிருந்து உல்லாஸ் நதிக்கரை இரண்டு மைல். டாங்கா என்கிற குதிரை வண்டிக்கு ஒன்றரை ரூபாய். ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கரையெல்லாம் சுற்றிவிட்டு, மத்தியானம் ஜமக்காளம் விரித்து, குழந்தைக்குப் பால் எடுக்கப் பிளாஸ்கைத் திறந்தேன். உள்ளே கெட்டித் தயிர்!

நடந்தது இதுதான். எங்கள் பிளாஸ்கில் கணவர் காபியை ஊற்றிவிட்டார். அதனால் பாலை மாமியாருடைய பிளாஸ்கில் எடுத்துவந்தேன். வெளியில் எதையும் தொடாத மாமியார், ஊரிலிருந்து வரும்போது ரயிலுக்கு மோர் கொண்டுவந்த பிளாஸ்க் அது. அலம்பித்தான் வைத்திருந்தார்; மூடியில் ஒட்டியிருந்தது போதாதா, வெதுவெதுப்பான பால் உறைவதற்கு?

மாமனார் எட்டிப் பார்த்து, "பேஷ், நம்மாத்துலகூட இப்படி உறையறதில்லே" என்றார்.

"குழந்தை கத்தறான், உங்களுக்குத் தயிர்தான் கண்ணுல படறதா?" என்றார் மாமியார்.

அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. குழந்தை அழுது அழுது சிவந்துவிட்டான். வயலுக்கு அப்பால் ஓட்டு வீடு ஒன்று தெரிய, வரப்பில் ஓடினோம். வாசலில் பசு, பக்கத்தில் கன்று, கொல்லையிலிருந்து ஒரு மராட்டிப் பெண். கணவர் அவளிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

"பால் இருக்காம். ஆனா மத்தியானப் பால் கன்னுக்குட்டிக்காம். சாயங்காலம்தான் கறப்பாளாம்."

மாமியார் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் எதிரே போய் நின்றார். "தாயே, உன் கன்னுக்குட்டி புல்லைக் கடிச்சுக்கும். இவனுக்குப் பல்லே ரெண்டுதான், பாரு!" என்று தமிழிலேயே சொல்லி, அவன் உதட்டை விலக்கிக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள். கன்றைத் தள்ளிக் கட்டிவிட்டுச் செம்போடு உட்கார்ந்தாள்.

நான் விடவில்லை. அடுப்பில் பால் பொங்கியதும், "இன்னும் கொதிக்கணும்" என்று கையைக் காட்டினேன். மறுபடி பொங்கியது, மறுபடி காட்டினேன். அவள் ஏதோ சொல்ல, கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் காய்ச்சினா பாத்திரத்தைத்தான் குடிக்கணுமாம்!"

குழந்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அவள் மடியிலேயே தூங்கிப்போனான். காசு நீட்டினோம், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கன்று மட்டும் எங்களை நல்லபடியாகப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: குடை அவசியம். கொறிக்க நிறைய எடுத்துப் போங்கள். ஸ்டேஷன் தாண்டினால் கடை கிடையாது. கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர் ஒரு டின் பையில் இருக்கட்டும். அதுவும் தீர்ந்துபோனால் பயந்துகொண்டு நிற்காதீர்கள். பசு கட்டியிருக்கும் வீட்டைப் பார்த்து நடங்கள்.

திரும்பும் ரயிலில் கல்யாண் வரை அவன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்லு மாதிரி தூங்கினான். தாதர் வருவதற்குள், "அடுத்த ஞாயிறு மாதேரான் மலைக்குப் போகலாமா?" என்று கேட்டது நான்தான்.