இடது ஆள்காட்டி விரல்

என் அம்மா மணிமேகலை மென்பொருளைச் சோதிப்பவர். அடுத்தவர் எழுதியதில் தவறு எங்கே என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவார். உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பன்னிரண்டு வருடம் போய்வந்தார். நாற்பத்து மூன்றாம் வயதில் டீம் லீடர் ஆனார். கீழே ஒன்பது பேர். ஏழு பேர் ஆண்கள். வேலையில் சந்தேகம் வந்தால் அம்மாவுக்குப் போன் செய்வார்கள்.

அப்பா சென்னகிருஷ்ணனுக்குத் தக்காளித் தோட்டம். அம்மாவின் முதல் போனைச் சுவரில் அடித்து உடைத்தார். இரண்டாவதை அம்மாவின் முகத்தில் அடித்தார். ஒரு பல் விழுந்தது.

"வேலைய வுட்டுடு."

அம்மா விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா அம்மாவின் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து அதில் அழுத்தினார். இழுக்கப் போன என்னை உதைத்தார். தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது.

"ரேகை போச்சு. இனி வெரல வெச்சா ஆபீஸ் கேட்டு தொறக்குதான்னு பாரு, லீடரம்மா."

அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். செவ்வாயும் போனார். அன்று மாலை சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"வாட்ச்மேன் தொறந்து வுட்டானா?"

"ஆமா, ஆரத்தி எடுத்து உள்ள கூப்ட்டான்."

அவர் தட்டை வீசினார். சோறு அம்மாவின் தலையில் வழிந்தது. நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். எனக்கு அவரை ஜெயிக்க வேண்டும்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. ஒரு வெரல்ல காயம் பட்டா ஆளு வெளிய நிக்கக் கூடாதுன்னு, ரெண்டு கையிலயும் ஒவ்வொரு வெரல் ரேகை எடுத்து வெப்பாங்க."

அம்மா என்னைப் பார்த்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணி. வாசலில் அப்பா மண்வெட்டிக் காம்போடு நின்றார். அம்மாவின் இடது கையைக் கதவு நிலையில் வைத்து அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அம்மா கையை மார்போடு பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார். அப்பா பின்னாலேயே ஓடிப்போய்ப் பின்மண்டையில் அடித்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. ரோட்டில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

ஸ்டேஷனில் ஏட்டு என் வாக்குமூலத்தை எழுதினார். இன்னொரு விரலைப் பற்றி நான் அப்பாவிடம் சொன்ன விஷயம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"இது எதுக்கும்மா? நீ ஒண்ணும் பண்ணலியே."

தவறு எங்கே நடந்தது என்று எழுதாமல் அம்மா எந்த அறிக்கையையும் முடித்ததில்லை.

"எழுதுங்க சார்" என்றேன்.

எழுதினார். இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.