காகம் வராத சொகுசு விடுதி

போன கிழமை என்னைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோபத்தில் இல்லை. அன்பாகத்தான்!

வெள்ளிக்கிழமை காலை மகள் சுகந்தியும் மருமகன் ரமணனும் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “அம்மா, ஏறுங்கோ. சும்மா ஒரு ட்றைவ் போட்டு வருவம்” என்றாள். எங்கள் ஊர் மில்லிக்கனைச் சுற்றிவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம் என்று நானும் ஏறினேன். வழியில் தமிழ்க் கடையில் நிறுத்தச் சொல்லி வாழைக்காய், பூசணி, பயற்றங்காய் என்று ஒரு பை நிறைய வாங்கினேன்.

“எதுக்கம்மா உவ்வளவு மரக்கறி?”

“நாளைக்குத் தேவை பிள்ளை.”

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். அங்கேதான் பிழை வந்தது.

கார் பெருந்தெருவில் ஏறி வடக்கே ஓடியது... ஓடியது... வீடுகள் முடிந்தன, கடைகள் முடிந்தன, வெறும் கல்லும் மரமும்தான்.

“எங்கை பிள்ளை போறம்?”

“சர்ப்ரைஸ் அம்மா! ரெண்டு நாள் லொட்ஜிலை நிக்கப்போறம். உங்கடை சுகர் குளிசை, மாத்துச் சேலை எல்லாம் எடுத்து வைச்சிட்டன்.”

“நாளைக்கு அப்பான்ரை திவசமெல்லோ?”

சுகந்தி போனை எடுத்துத் தடவினாள். “இல்லையம்மா... அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. போன வருசத்துத் திகதி இதிலை இருக்கு.”

என் மனுசன் போய்ச்சேர்ந்தது ஆவணித் தேய்பிறைத் தசமியில். திவசம் திதிக்கு வரும், திகதிக்கு வராது. நிலவு என்ன இங்கிலீசுக் கலண்டர் பார்த்தா தேய்கிறது? நான் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் இது எனக்குத் தெரியும். பெரிய படிப்புப் படித்த மகளுக்குத் தெரியவில்லை.

“மாமி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்றார் ரமணன். “அங்கை பெரிய கிச்சின் இருக்கு. செஃப் இருக்கிறார். சொல்லிச் செய்விப்பம். என்ரை மிசிசாகா ஒஃபிஸிலை பெரிய ஆக்களெல்லாம் அங்கைதான் போறவை.”

பெரிய ஆட்கள் போகிற இடத்தைக் கேளுங்கள். சல்லிக்கல்லுக் கிறவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனால் ஒரு மரவீடு. வாசலில் கசங்கின சட்டையோடு ஒரு பெண். அவள்தான் மனேஜராம். அந்தக் கசங்கலும் விலை கூடின கசங்கலாம், சுகந்தி சொன்னாள். வந்தவுடன் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மனம் ஓய்வெடுக்க வேண்டுமாம்.

சுகந்தியின் போனுக்குள்தான் என் மனுசனுடைய படம் இருக்கிறது. மனுசனையும் சேர்த்துப் பூட்டிவிட்டாளே!

அறையில் ரி.வி இல்லை, பிளக் இல்லை, மெழுகுதிரிதான். குளிப்புத் தொட்டி எங்கே என்கிறீர்கள்? வெளியே, ஒரு மரத்துக்குக் கீழே! கடிக்கிற நுளம்புக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு குளிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுப் பெரிசு, அதன் நடுவில் சாப்பாடு ஒரு பொட்டு. அதற்கு மேலே பாசி. கல்லில் படர்கிற பாசிதான். ரமணன் கண்ணை மூடி ரசித்துச் சாப்பிட்டார். வீட்டில் கீரைக்கறி வைத்தால் தொடாத மனிதர்.

சுவரில் பழைய கோடாரியும் தேய்ந்த சப்பாத்தும் தொங்கின. மனேஜர் கதை சொன்னாள், சுகந்தி தமிழில் சொன்னாள். முதன்முதலில் இங்கே குடியேறிய ஒரு குடும்பம் மரம் தறித்து, கல்லுப் பொறுக்கி, பனிக்குப் பிள்ளைகளையும் பறிகொடுத்து வாழ்ந்ததாம். அந்தத் தாய் உடுப்புத் தோய்த்த வாளிக்குள் இப்போது ஐஸ் போட்டு வைன் போத்தல் வைத்திருக்கிறார்கள்! வந்தவர்கள் அதோடு நின்று சிரித்துப் படம் எடுக்கிறார்கள். லொட்ஜின் கமராவுக்கு மட்டும் மனம் ஓயத் தேவையில்லைப் போலிருக்கிறது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் பேஸ்மென்டில் இரண்டு குடும்பமாக, மெத்தை இல்லாமல் படுத்தெழும்பினோம். பொறுத்திருங்கள்... அதையும் ஒருநாள் லொட்ஜ் ஆக்குவார்கள். ஈரச்சுவர் மணத்தை அனுபவிக்கவும் ஆட்கள் வருவார்கள். காசு வந்தால் மனிதர் கஷ்டத்தை விட்டு ஓடுகிறார்கள். இன்னும் கூட வந்தால் அதையே தேடிப்போய் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

அதை விடுங்கள். சனிக்கிழமை காலை முழுகிவிட்டு, மரக்கறிப் பையோடு போய் மனேஜருக்கு முன்னால் நின்றேன். எங்கள் வீட்டில் ஐயரைக் கூப்பிட்டுப் பெரிதாகச் செய்வதில்லை. சமைத்து, படத்துக்குப் படைத்து, காகத்துக்கு வைப்பேன். காகம் எடுத்த பிறகுதான் என் வாயில் தண்ணீர் படும். அவர் போனதிலிருந்து ஒரு வருசமும் தவறியதில்லை.

மனேஜர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். குசினிக்குள் விருந்தாளிகள் போகக்கூடாது. செஃப் செய்வார், ஆனால் இறைச்சி வாட்டுகிற அதே அடுப்பில்தான். பறவைக்குச் சாப்பாடு வைக்கவே கூடாது, கரடி வரும். காகமா? சாப்பாட்டுக் குப்பையை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறபடியால் அந்தப் பக்கம் காகமே வருவதில்லையாம். அதைப் பெருமையாகச் சொன்னாள்!

கரடிச் சட்டம் சரிதான், அதில் நான் பிழை சொல்லவில்லை. ஆனால், செத்தவருக்கு என்று சுகந்தி விளக்கியதும் மனேஜர் நெஞ்சில் கையை வைத்தாள். பின்னேரம் ஏரிக்கரையில் மேளம் அடித்து, மற்ற விருந்தாளிகளையும் சேர்த்து, ஒரு ‘நினைவுச் சடங்கு’ ஒழுங்கு செய்து தரலாமாம். எல்லாரும் விரும்புவார்களாம்!

“என்ரை மனுசன் உவையளுக்கு விளையாட்டுச் சாமானோ?” என்றேன். சுகந்தி அதை மொழிபெயர்க்கவில்லை.

“அம்மா, குளிசை போட வேணும். சுகர் இறங்கினால் என்ன செய்யிறது? கொஞ்சம் சாப்பிடுங்கோ.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான்தான் பிழை விட்டிட்டன்.”

“மாமி, அடுத்த கிழமை வீட்டிலை வடிவாச் செய்வம்” என்றார் ரமணன். “மாமா கோவிக்கமாட்டார்.”

“ஓம் தம்பி, அவர் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்.”

போய்க் காரில் ஏறி இருந்துவிட்டேன். மடியில் மரக்கறிப் பை. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. நான் அதைச் சேலைக்குள் மறைத்தேன். ரமணன் கண்ணாடிக்குள்ளால் கண்டுவிட்டார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறப்பித்துப் போன்களை வாங்கிவந்து, சுகந்தியையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார்.

கிறவல் ரோடு முடிகிற சந்தியில் ஒரு பெற்றோல் ஸ்டேசன். அதோடு ஒட்டி ஒரு சின்னக் கடை. கடைக்காரி என் வயதுக்காரி. அவளிடம் சுகந்தி என்னவோ சொன்னாள். அவள் கோப்பி மெசினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, “இதில் வயரைக் குத்து” என்று கையால் காட்டினாள். சுகந்தி கார் டிக்கியிலிருந்து அரிசிப் பையையும் றைஸ் குக்கரையும் எடுத்தாள்.

“அடியே! உதையும் கொண்டந்தனியோ?” என்று ரமணன் வாயைப் பிளந்தார்.

“பின்னை? உங்கடை லொட்ஜை நம்பி அம்மாவைப் பட்டினி போடவோ?”

முதலில் சோறு. பிறகு அதே குக்கரில் மரக்கறி எல்லாம் ஒன்றாக, உப்பும் மஞ்சளும் மட்டும். கத்தியும் உப்பும் மஞ்சளும் கடைக்காரி தந்தாள். ஐஸ் பெட்டிக்கு மேலே சுகந்தியின் போனைச் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் படைத்தேன். பிறகு கடதாசித் தட்டில் கொஞ்சம் எடுத்துக் குப்பைத் தொட்டியடியில் வைத்தேன். வேறெங்கே வைப்பது? காகங்கள் அங்கேதானே நின்றன.

நின்றன, ஆனால் வரவில்லை. லொறி ஒன்று வந்ததும் எல்லாம் எழும்பிப் பறந்தன. சுகந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. “கா... கா... கா!” ரமணன்! பெரிய ஒஃபிஸில் பெரிய வேலை பார்க்கிற மனிதர், விலை கூடின சப்பாத்தோடு, பெற்றோல் அடிக்க வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, வானத்தைப் பார்த்துக் கத்துகிறார். லொறிக்காரன் இறங்கிவந்து வாய்பார்த்தான். இவர் நிறுத்தவில்லை.

ஒன்று இறங்கியது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. வாழைக்காய்த் துண்டைக் கவ்விக்கொண்டு போனது.

நான் அதிலேயே, கடை வாசலில் கிடந்த மர வாங்கில் குந்திச் சாப்பிட்டேன். கடைக்காரியும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரமணனின் போனில் லொட்ஜிலிருந்து செய்தி வந்தது. தங்கல் எப்படி என்று கேட்டிருந்தார்கள்.

“மாமி, எத்தினை ஸ்டார் குடுப்பம்?”

“ஸ்டாரை விடும் தம்பி. ஒரு காகம்கூடச் சாப்பிட வராத இடம் எண்டு எழுதிவிடும்.”