பார்மசி சீட்டுக்கு ஒரு கேபிள்

எங்கள் மகள் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் நான்குக்கு நான்கு வாங்கினாள். பார்மசி கேட்டாள். திரெங்கானுவுக்குப் போய் மீன்வளம் படி என்று பதில் வந்தது. தட்டில் முள்ளோடு மீன் வைத்தாலே என்னைக் கூப்பிடுகிறவள் அவள்.

என் கணவருக்கு வாய் ஓயவில்லை. கிள்ளானில் இனக் கோட்டாவைப் பற்றி அவர் பேசாத ஆள் பாக்கி இல்லை. பாசாரில் கோழி வெட்டுகிறவரிடம்கூட, "பொறப்பைப் பார்த்து எடம் குடுக்கறது நியாயமா, பாஸ்?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அப்பீல் போட்டோம். அது மட்டும் போதாது, கேபிள் வேண்டும் என்றார்கள். மேலிடத்தில் ஆள் வைத்திருப்பதற்கு இங்கே அதுதான் பேர். நியாயம் பேசிய அதே வாயால் என் கணவர் கேபிள் விசாரிக்க ஆரம்பித்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், தீபாவளிச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களையும் கிளப்பிவிட்டார்.

பூக்கடை மாடியில் ஆபீஸ். பூச்சோங், அம்பாங் என்று எங்கெங்கிருந்தோ பெற்றோர்கள் வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது.

"நாலு பாயிண்ட், அங்கிள்" என்றாள் மகள்.

"இங்க வர்றவங்க எல்லாரும் நாலுதான்லா" என்று அவர் சிரித்தார். பிறகு என் கணவர் பக்கம் சாய்ந்தார். "அண்ணே, உங்க குலதெய்வம் எது?"

சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எங்களில் இப்படித்தான் கேட்பார்கள். மகளுக்கு அது விளங்கவில்லை. "நாங்க எல்லாக் கோயிலுக்கும் போவோம், அங்கிள்" என்றாள், அதுவும் நேர்முகத் தேர்வு என்று நினைத்து.

என் கணவர் குலதெய்வத்துக்கு வருஷம் தவறாமல் கிடா வெட்டுகிறவர். சுவரில் தொங்கிய சாதிச் சங்கத்துப் படத்தைப் பார்த்ததுமே எனக்கும் அவருக்கும் தெரிந்துவிட்டது, அந்த மனிதர் எங்கள் ஆள்தான். சாமி பேரைச் சொன்னால் போதும்.

"தெரியாதுங்க" என்றார் என் கணவர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அந்த மனிதர், "பாப்போம்" என்று ஃபைலை மூடி ஓரமாக வைத்தார்.

திரும்பும் வழியில், காரில், அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மகளுக்குச் சொன்னேன்.

"நீங்க சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமாப்பா?"

"கிடைச்சிருக்கும்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். என் கணவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. கியரின் மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.